ஏழாவது பாட்டு இருந்த அடுப்படி

அனிபால் கைபேசி வாங்கிய வியாழக்கிழமை மதியம் அவனுடைய இசைத்தட்டிலிருந்து ஒன்பது பாட்டுகள் வெளியேறின. தட்டில் ஒரு கீறல்கூட இல்லை. சனிக்கிழமை அவன் மனைவி எடில்மா இஸ்திரி போடுவதற்கு முன் வழக்கம்போல ஊசியை வைத்தாள். தட்டு சுற்றியது, ஆனால் நாலாவது பாட்டு வரும்வரை ஒன்றும் கேட்கவில்லை. அது முடிந்த பிறகும் ஒன்றும் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக அவளுக்கு அந்தத் தட்டுதான் கடிகாரம். முதல் பக்கத்துக்கு ஆறு சட்டை, மறுபக்கத்துக்கு நாலு சட்டையும் ஒரு மேசை விரிப்பும். அன்று இரண்டு சட்டைகளைக் கருக்கிவிட்டாள்.

அது எழுபத்தொன்பதாம் வருஷம் பாரங்கியா துறைமுகத்தில், பழைய பனிக்கட்டிக் கிடங்கு ஒன்றில் பதிவான தட்டு. உறையின் பின்புறம் ‘ட்ரம்போன்: அனிபால்’ என்று அச்சாகியிருந்தது. அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டுதான் எடில்மா அவனைக் காதலித்தாள், அதிலும் ஏழாவது பாட்டுக்காக. கல்யாணத்துக்குப் பிறகு அனிபால் பல் சரியில்லை என்று சொல்லி அந்தப் பித்தளை ஊதுகுழலைத் தொடவேயில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றான். பிறகு யாரோ நாலாவது பாட்டை மட்டும் இணையத்தில் ஏற்றிவிட, அந்த வருஷ கார்னிவல் திருவிழாவில் ஊரே அதற்கு ஆடியது. அனிபால் உடனே கைபேசி வாங்கி, ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு, அந்த ஒரே பாட்டை நாளுக்கு நாற்பது முறை கேட்கத் தொடங்கினான்.

“மத்த ஒம்பதும் உன்னை என்ன பண்ணுச்சு, கிழவா?” என்று எடில்மா கேட்டாள்.

“இப்ப யாருடி முழுசாக் கேக்கறா? நல்லதை மட்டும் கேட்டுட்டுப் போறாங்க.”

“அப்ப ஏழாவது நல்லதில்லையா?”

அவன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டான். எடில்மாவுக்குச் சந்தேகம் அங்கேதான் விழுந்தது.

வெளியேறிய பாட்டுகள் ஒரு வாரத்துக்குள் கிடைத்தன. முதலாவது மருந்துக்கடைக் குளிர்பெட்டியில் இருந்தது. மூன்றாவது பலகாரம் பொரிக்கும் நூபியாவின் எண்ணெய்ச் சட்டியில், ஐந்தாவது முடிதிருத்தும் புளினியோவின் கண்ணாடிக்குப் பின்னால். யாராவது வாசலில் வந்து நின்றால் பாட்டு தொடங்கும். பாதியில் நிறுத்தவோ தாண்டவோ வழியில்லை. எடில்மாதான் புருஷனின் தட்டுக்கு விளம்பரம் தேட ஒலிபெருக்கி ஒளித்து வைத்திருக்கிறாள் என்று தெருவே சொன்னது. இரண்டு போலீஸ்காரர்கள் வந்து புளினியோவின் சுவரை இடித்தார்கள்; செங்கலும் ஐந்தாவது பாட்டும்தான் இருந்தன. நல்ல பாட்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது என்று இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. எடில்மா வீடு வீடாக நின்று கேட்டு எண்ணினாள். எட்டு தேறியது. ஏழாவது மட்டும் இல்லை.

போகாமல் விட்ட வீடு ஒன்றே ஒன்று. மழை பெய்தால் ஆறாக ஓடும் தெருவுக்கு அந்தப் பக்கம், ஓமைராவின் வீடு. அந்தத் தட்டில் பின்பாட்டு பாடியவள். எடில்மாவின் கல்யாணத்துக்கு வந்து, தேம்பித் தேம்பி அழுது, கேக்கைத் தொடாமல் எழுந்து போனவள். மாப்பிள்ளை மேல் ஆசை இல்லாமல் ஒருத்தி இன்னொருத்தியின் கல்யாணத்தில் எதற்கு அப்படி அழுவாள் என்று எடில்மா தீர்மானித்து முப்பத்தெட்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

கதவைத் திறந்த ஓமைராவின் கையெல்லாம் சோள மாவு. உள்ளே அடுப்படியில் ஏழாவது பாட்டு தொடங்கியது.

“வா. நீ எவ்வளவு நாளுக்கு வராம இருக்கேன்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

“என் புருஷன் பாட்டு உன் அடுப்படியில என்ன பண்ணுது?”

“உன் புருஷன் பாட்டா? முழுசாக் கேளு. அப்புறம் சண்டை போடு.”

எடில்மா நின்றாள். இஸ்திரிப் பெட்டியின் சீற்றம் இல்லாமல் அந்தப் பாட்டை அவள் கேட்டதே இல்லை. ட்ரம்போன் மேலே ஏறி, இறங்க மனமில்லாமல் நின்று, மெல்ல ஓய்ந்தது. ஓய்ந்த இடத்தில் ஒரு சிரிப்பும், இளம் ஓமைராவின் தாழ்ந்த குரலும் கேட்டன: “போதும், எலாடியோ.”

“எங்கண்ணன்,” என்றாள் ஓமைரா. “நாலாவது பாட்டு முடிஞ்சதும் உன் ஆளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் இப்படி உப்பிருச்சு. மத்த ஒம்பதையும் எங்கண்ணன்தான் வாசிச்சான். உறை முன்னாலேயே அச்சாகிருச்சு. பேர் கெடக்குது விடுன்னு சொல்லிட்டுச் சரக்குக் கப்பல்ல ஏறினவன், திரும்பி வரல.”

“கல்யாணத்துல அழுதியே?”

“ஏழாவது பாட்டைக் கட்டிக்கிட்டேன்னு ஒவ்வொரு மேசையா நீ சொல்லிக்கிட்டு வந்தே. அழாம என்ன பண்றது?”

எடில்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒருத்தியைக் காரணமில்லாமல் வெறுத்ததும், ஒருவனை இல்லாத காரணத்துக்காகக் காதலித்ததும் ஒன்றாக வந்து நெஞ்சில் இறங்கின. ஓமைரா கொடுத்த காப்பியைக் குடித்தாள். பிறகு வீட்டுக்குப் போய், அனிபாலின் காதிலிருந்த ஒயரைப் பிடுங்கினாள்.

“செருப்பைப் போடு.”

மருந்துக்கடையில் தொடங்கி வரிசைப்படி நடந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் பாட்டு முடியும்வரை அவனை நிற்கவைத்தாள். நாலாவதின் முறை வந்ததும் நடுத்தெருவில் கைபேசியிலேயே போடச் சொன்னாள். பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டே வந்தார்கள். ஓமைராவின் அடுப்படியில் ஏழாவது முடிந்தபோது அனிபால் தொப்பியைக் கழற்றினான்.

“இது நான் இல்ல. எலாடியோ.”

“தெரிஞ்ச கதைதானே,” என்றான் புளினியோ. “நாலாவதுல மட்டும் ட்ரம்போன் சுதி தப்பி வழுக்கும். அந்த வழுக்கலுக்குத்தானே சனங்க ஆடுது!”

தெருவே அனிபாலைச் சரியாகச் சந்தேகப்பட்டிருக்க, தான் மட்டும் ஓமைராவைத் தப்பாகச் சந்தேகப்பட்டதை எடில்மாவால் தாங்க முடியவில்லை. இரண்டு மாதம் அவனுடன் பேசவில்லை; அவன் கசங்கிய சட்டையோடு திரிந்தான். மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை, பாட்டுகளைக் கேட்டுச் சுற்றிவரக் கிளம்பும்போது அவனையும் கூப்பிட்டாள். அவள் முன்னால் நடந்தாள், அவன் இரண்டடி பின்னால். ஓமைரா இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தாள்.

பாட்டுகள் தட்டுக்குத் திரும்பவேயில்லை. அடுத்த கார்னிவலுக்கு முன் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குப் புதுக் குடும்பம் வந்தது. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கூரையில் எலி உண்டா, சுவரில் இருப்பது எத்தனையாவது பாட்டு என்று வீட்டுக்காரர் மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். வந்தவர்கள் எலியைப் பற்றி மட்டும் இன்னொரு முறை கேட்டுக்கொண்டார்கள்.