கொழுந்துத் தராசில் ஆண்டியப்பன்

சாமிக்குச் சத்தியம் செய்து குடியை விடுகிறவர்கள் உண்டு. பெண்டாட்டி மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு விடுகிறவர்கள் உண்டு. கையில் காசில்லாமல் நாலு நாள் விட்டுவிட்டு அதைப் பெருமையாகச் சொல்லித் திரிகிறவர்களுக்கோ கணக்கே கிடையாது. ஆண்டியப்பன் இதில் எதிலும் சேர்த்தியில்லை. விட்டால் என்னதான் ஆகும் என்று பார்ப்பதற்காகவே விட்ட ஆள் அவன்.

தலவாக்கலைக்கு மேலே, ரயில் பாதையிலிருந்து மூன்று மைல் ஏறினால் வருகிற தோட்டத்தில் அவன் கவ்வாத்துக்காரன். முற்றிப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை அது. வயது நாற்பத்தாறு. அதில் இருபது வருஷமாகக் குடி. வேலை முடிந்ததும் கத்தியை லயத்து வரிசை வீட்டில், தன் காம்பரா அறையில் வைத்துவிட்டு, பக்கத்துக் காம்பரா அழகனோடு கீழே கள்ளுத் தவறணைக்கு இறங்குவான். இறங்குகிற பாதை இருவருக்கும் தெரியும். ஏறி வந்த பாதை மறுநாள் ஒருவருக்கும் நினைவிருக்காது.

இரண்டு வருஷமாக அவனுக்கு வயிறு முன்னால் வந்திருந்தது. லயத்தில் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அரைவயிற்றுச் சோறு தின்கிற இடத்தில் தொந்தி என்பது மரியாதையான சங்கதி. கங்காணி ஆகாமலேயே கங்காணி வயிறு வாங்கிவிட்டான் என்று பெண்கள் கேலி பேசினார்கள். அவனுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் மலையேறும்போது மூச்சு இரைத்தது. காலையில் எழுந்தால் குமட்டியது. கண் மஞ்சளாக இருக்கிறது என்று மனைவி ராக்காயி நச்சரித்து நச்சரித்து, கடைசியில் ஒருநாள் தோட்டத்து மருந்துச்சாலைக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மருந்து ஐயா சிதம்பரநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசாதவர். ஆண்டியப்பனின் இமையை இழுத்துப் பார்த்தார், விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டார்.

"ஈரல் பழுதாப் போச்சு. குடியை விடு."

"விட்டா நல்லாயிருமாங்கய்யா?"

வேறொருவராக இருந்தால், நிச்சயம் நல்லாகும் என்று சொல்லியிருப்பார். சிதம்பரநாதன் கொஞ்சம் யோசித்தார்.

"அது எனக்குத் தெரியாது. சில பேருக்குச் சுகம் வந்திருக்கு. சில பேருக்கு வரேல்லை. விட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

இந்தப் பதில்தான் ஆண்டியப்பனைப் பிடித்துக்கொண்டது. இருபது வருஷமாக ஆளாளுக்கு அவனுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவர். தெரியாத சங்கதி என்றால் பார்த்துவிட வேண்டியதுதானே? அன்று சாயங்காலமே விட்டுவிட்டான். மருந்து ஐயா அந்த வாரம் இரண்டு மாத லீவில் ஊருக்குப் போய்விட்டார். விட்டவனை மேற்பார்வை பார்க்க ஆளில்லாமல் போயிற்று.

முதல் பத்து நாளும் நரகம் என்றால் நரகம்தான். கை நடுங்கியது. கம்பளிக்குள் வியர்த்துக் கொட்டியது. கத்தி ஒரு கிளையைக் குறிவைத்தால் இன்னொரு கிளையில் விழுந்தது. கண்ட நேரமும் கருப்பட்டி கேட்டது நாக்கு. ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு மூன்று கடி. நல்லவனாவதற்கு இவ்வளவு கருப்பட்டி வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே என்று ராக்காயி பெருமூச்சு விட்டாள். ஆனாலும் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவன் பார்க்காமல் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு அழகன் வாசலில் வந்து நின்று, "என்னடா, இன்னும் பாத்து முடியலையா?" என்பான். "இன்னும் இல்லடா" என்பான் இவன்.

பதினோராம் நாள் நடுக்கம் நின்றது. அப்போதுதான் அவனுக்கு அடுத்த சந்தேகம் வந்தது. நல்லாகிறதா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது? ஒருநாள் பசிக்கிறது, ஒருநாள் பசிக்கவில்லை. ஒருநாள் தூக்கம் வருகிறது, மறுநாள் கோழி கூவும்வரை கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான். இதில் எதை நம்புவது? தோட்டத்தில் பொய் சொல்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்து இருந்தது. மடுவத்தில், பெண்கள் பறித்த கொழுந்தை நிறுக்கிற இடத்தில், உத்தரத்திலிருந்து தொங்குகிற தராசு.

சனிக்கிழமை அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் கணக்கப்பிள்ளை பெரியதம்பியிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஐயா, என்னயக் கொஞ்சம் நிறுத்துப் பாக்கணும்."

"உன்னயவா? பெட்டியில போட்டுச் சீமைக்கு அனுப்பவா?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் பெரியதம்பிக்கும் உற்சாகம் வந்துவிட்டது. சரி தொங்கு என்றார். கொழுந்துச் சாக்கு மாட்டுகிற பெரிய கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கிக்கொண்டு ஆண்டியப்பன் தொங்கினான். நூற்றைம்பத்தொரு றாத்தல். கைதட்டல் எழுந்தது.

அடுத்த சனிக்கிழமை நூற்று நாற்பத்தேழு. அதற்கடுத்து நூற்று நாற்பத்துமூன்று. கைதட்டல் குறைந்தது. நாலாவது சனிக்கிழமை முள் நூற்று முப்பத்தெட்டில் நின்றபோது மடுவத்தில் ஒரு கைகூடத் தட்டவில்லை. கொழுந்துத் தராசுக்கு முன்னால் நிற்கிற பெண்களுக்குப் பிறந்ததிலிருந்து ஒரே சட்டம்தான்: கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது. குறைந்தால் ஏச்சு, குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம். அந்தச் சட்டத்தை மனுஷனுக்கும் போட்டுப் பார்த்தார்கள். ஆண்டியப்பன் வாரத்துக்கு நாலு, ஐந்து றாத்தலாகச் செத்துக்கொண்டிருந்தான்.

லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. கன்னம் ஒட்டிப்போச்சு பார் என்றார்கள். பழகின உடம்பிலிருந்து கள்ளைப் பிடுங்கினால் அது சதையைத் தின்னும் என்றார்கள். கந்தப்பளைப் பக்கம் ஒருத்தன் குடியை விட்ட மூன்றாம் மாதம் கண்ணை மூடினான் என்று ஒருவர் சொன்னார். அவன் பேரென்ன என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. ஆனால் ராக்காயி பேரைக் கேட்கவில்லை. பயந்தவளுக்குப் பேர் எதற்கு?

அடுத்த வாரம் ஒருநாள் சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்தபோது அவள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு போத்தல். வாசனை வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் என்றால் அவன் கால் தானாக ஓடியிருக்கும்.

"ஏது இது?"

"நாந்தான் போயி வாங்கியாந்தேன்."

தவறணைக்கா? ராக்காயியா? அந்தப் பக்கம் போகிற வழியில்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். கம்பளிக்குள் போத்தலை ஒளித்துக்கொண்டு, ஆம்பிளைகள் பார்க்கப் பார்க்க ஏறி வந்திருக்கிறாள்.

"இருவது வருசமா விடுங்க விடுங்கன்னு நாந்தான் உசிர வாங்குனேன்," என்றாள். "இப்ப நாந்தான் சொல்றேன், கொஞ்சமாச்சும் குடிங்க. குடிகாரனா இருந்தாலும் நீங்க இருந்தாப் போதும் எனக்கு."

அவன் போத்தலுக்கு எதிரே குந்தினான். குடிக்க ஆசையாக இருந்தது, அதை மறைப்பானேன்? ஆசையைவிடக் குழப்பம் பெரிதாக இருந்தது. ஏனென்றால் அன்று காலை அவன் ஏழாம் நம்பர் மலைக்கு ஒரு இடத்திலும் நிற்காமல் ஏறியிருந்தான். பின்னால் அழகன் நாலு இடத்தில் நின்று இரைத்தான். உடம்பு ஒன்று சொல்கிறது, தராசு வேறொன்று சொல்கிறது. இரண்டில் ஏதோ ஒன்று பொய். எது என்று தெரியாமல் குடிக்கவும் மனம் வரவில்லை, விடவும் தைரியம் வரவில்லை.

"வர்ற சனிக்கெழம வரைக்கும் பொறுத்துக்க புள்ள," என்றான். "அன்னிக்கும் கொறஞ்சா குடிச்சிர்றேன். சத்தியமா."

ராக்காயி போத்தலுக்குத் தக்கையைச் செருகி அடுப்புக்கு மேல் பரணில் வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. மலையே தெரியவில்லை. அந்தி நிறுவைக்குப் பெண்கள் நனைந்த கூடைகளோடு மடுவத்தில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஆண்டியப்பன் ஓரமாக நின்றான். இதைவிட முக்கியமான நிறுவை அவன் வாழ்க்கையில் வந்ததில்லை.

பெரியதம்பி முதலில் அவனைத்தான் தொங்கச் சொன்னார். தொங்கினான். நூற்று முப்பத்துமூன்று. ராக்காயி வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ "ஐயோ பாவம்" என்றது அவன் காதில் விழுந்தது. கொக்கியை விட்டு இறங்கி மறுபடி ஓரமாகப் போய் நின்றான்.

அடுத்தது ராக்காயியின் கூடை. இருபத்திரண்டு றாத்தல் காட்டியது. பெரியதம்பி கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி கொழுந்தை அள்ளிப் பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகியது.

"நாலு கழிவு. பதினெட்டு."

"நாலாங்கய்யா?" ராக்காயியின் துக்கமெல்லாம் கோபமாக வெடித்தது. "மழையில நின்னு பறிச்சவ நானு. இருவத்திரண்டு காட்டுன கொழுந்து எப்படிங்கய்யா பதினெட்டாகும்?"

"கொழுந்து எங்க கொறஞ்சிச்சு? உங்கொழுந்து அப்புடியேதான் இருக்கு. ஒட்டியிருக்கிற தண்ணியத்தான் கழிச்சேன். காலம்பூரா பறிக்கிற, இது தெரியாதா ஒனக்கு?"

எல்லா மழைக்காலத்திலும் நடக்கிற சண்டை அது. ஆண்டியப்பன் அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பான். ஆனால் அன்று அவன் தலை நிமிர்ந்தது. குறைந்தது கொழுந்து இல்லை, தண்ணீர். அப்படியென்றால் குறைந்த எல்லாமே குறைவுதானா? அவன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து வேட்டியை முழங்காலுக்கு ஏற்றினான்.

"ஏ ராக்காயி, இங்க வா. என் கால அமுக்கிப் பாரு."

"என்னாங்க இது, எல்லாரும் பாக்க..."

"அமுக்கிப் பாரு புள்ள!"

அவள் குனிந்து கெண்டைக்காலுக்கு முன்னால், எலும்பின்மேல், கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். மறுபடி அழுத்தினாள். முகம் மாறியது.

"முன்னெல்லாம் எண்ண தேய்ச்சுவிடுறப்ப வெரல் பட்ட எடத்துல குழி விழுந்து அப்புடியே கெடக்குமே," என்றாள் மெதுவாக. "இப்ப விழவே மாட்டேங்குது."

"அப்ப அது என்ன? சதையா?"

அவள் தன் கூடையைப் பார்த்தாள், அவன் காலைப் பார்த்தாள், தளர்ந்து தொங்குகிற அவன் வயிற்றுத் தோலைப் பார்த்தாள். கொழுந்து பறிக்கிறவளுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

"பதினெட்டு றாத்தல்," என்றார் பெரியதம்பி, தன்னையறியாமல் நூற்றைம்பத்தொன்றிலிருந்து நூற்று முப்பத்துமூன்றைக் கழித்து. ராக்காயி ஒரு நடைக்குப் பறிக்கிற கூடை அளவு. இரண்டு வருஷமாக அந்தக் கூடையைப் பேர் இல்லாமல், சம்பளம் இல்லாமல் மலைக்கும் லயத்துக்கும் சுமந்திருக்கிறான் ஆண்டியப்பன். அதற்குத் தொந்தி என்று பெயரும் வைத்திருந்தார்கள். ராக்காயி அழுதாள், சிரித்தாள், நாலு றாத்தலை மறந்தே போனாள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பரணிலிருந்த போத்தலை எடுத்து வாசல் சாக்கடைக் கானில் கவிழ்த்தாள்.

ஆனாலும் அவன் சும்மா நம்புகிற ஆளா? அடுத்த சனிக்கிழமையும் தொங்கினான். அதே நூற்று முப்பத்துமூன்று. அதற்கடுத்த வாரமும் அதேதான். அதன்பிறகு நூற்று முப்பத்துநாலு. மழையில்லாத வாரம், பிழிந்தாலும் சொட்டாத ஒரு றாத்தல். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமுடியாது. தூக்கம் இன்னும் பாதிதான். கருப்பட்டியில் ஒரு கடைவாய்ப்பல் போயிற்று. முன்பு சிரித்துவிட்டுப் போன பேச்சுக்கெல்லாம் இப்போது சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் கண் மஞ்சள் போய் வெளுத்திருந்தது, கத்தி விழவேண்டிய கிளையில் விழுந்தது. விட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவன் உடம்பு மட்டில் பதில் கிடைத்துவிட்டது.

அந்த ஒரு றாத்தலுக்குப் பெண்கள் தட்டிய கைதட்டல் ஓயுமுன் அழகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். வாயில் கள் வாடை. எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.

"இந்த ஒத்த றாத்தலுக்கா இம்புட்டு ஆரவாரம்? தள்ளுடா. ஆம்பிள நெற எப்புடி இருக்கும்னு நாங் காட்டுறேன்."

கொக்கியைப் பிடித்துத் தொங்கினான். முள் ஓடியது. நூற்று அறுபத்தொன்பது. மடுவம் அதிர்ந்தது. பெரியதம்பியே கைதட்டிவிட்டார்.

ஆண்டியப்பன் தட்டவில்லை. அழகன் இறங்கியதும் அவன் முன்னால் குந்தி, அவனுடைய கால் எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். அழகனுக்குக் கூச்சம், நெளிந்து நெளிந்து சிரித்தான். ஆண்டியப்பன் விரலை எடுத்தான். விரல் இருந்த இடத்தில் குழி இருந்தது. அது நிரம்புமென்று பார்த்துக்கொண்டே இருந்தான். நிரம்பவில்லை.

"என்னடா அப்புடிப் பாக்குற?" என்றான் அழகன். "ஒன்னய விட முப்பத்தஞ்சு றாத்தல் கூட. பொறாமையா?"

"இல்லடா," என்றான் ஆண்டியப்பன். இது எங்கே போய் முடியும் என்று பார்க்க அவனுக்கு ஆசையில்லை. அழகன் காலைப் பிடித்த கையை விடவும் முடியவில்லை. "எனக்குப் பயமா இருக்குடா, அழகா. இன்னிக்குச் சாயங்காலம் கீழ போகாத. எங்கூட வா."

அழகன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.