லாரி போகிற நேரம்

அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடுகிற சாலையோரத்தில் முத்தமிழ்செல்வன் பஞ்சர் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கே பேசுவதற்கு ஒரு முறை உண்டு. லாரி வந்தால் பாதிப் பேச்சில் வாயை மூட வேண்டும். போனபின் மிச்சத்தைச் சொல்ல வேண்டும். அதற்குள் அடுத்த லாரி வந்துவிட்டால் மிச்சம் அம்போ. நீட்டி முழக்கினால் கட்டுப்படியாகாது என்று அந்தச் சாலைக்காரர்கள் பேச்சையே குறுக்கிக்கொண்டார்கள். "சோறு!" "தண்ணி!" "வரேன்!" அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்திச் சொன்னால் கொஞ்சல்கூட அதட்டலாகத்தான் காதில் விழும். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அனுசுயா, புருஷன் தன்னைத் திட்டுகிறான் என்றே நினைத்து ஆரம்பத்தில் அழுதிருக்கிறாள். பிறகு அவளும் கத்தப் பழகிக்கொண்டாள்.

ஒன்று மட்டும் பழகவில்லை. போன வருஷம் அவளுக்குப் பெண் குழந்தை செத்தே பிறந்தது. அவள் மயக்கம் தெளிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துணியை விலக்கி முகத்தைப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். கொண்டுபோய்ப் புதைத்தவனும் அவன்தான். பிள்ளை யார் சாயல் என்று பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா? பூங்குழலி என்று பெயர்கூட மனசுக்குள் வைத்திருந்தாள். அதை அவனிடம் சொன்னதில்லை.

ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"மூக்கு…" என்று ஆரம்பித்தான். லாரி வந்தது, போனது. அவன் டயரை உருட்டிக்கொண்டு போய்விட்டான்.

குற்றமெல்லாம் இந்தச் சாலை மேல்தான் என்று அனுசுயா முடிவுகட்டினாள். சத்தமில்லாத இடத்தில் உட்காரவைத்தால் மனுஷன் வாயைத் திறக்காமலா போவான்? அடம்பிடித்து உடையார்பாளையத்தில் ஒரு சந்துக்குள் வாடகைக்கு வீடு பிடித்தாள். அவன் பைக்கில் கடைக்குப் போய்வந்தான்.

கோழி சிறகடித்தால் கேட்கிற சந்து அது. அவனுக்குத் தூக்கம் போனது. "நாளைக்கு டவுனுக்கு…" என்று தொடங்கி, பாதியில் நிறுத்தி, வராத லாரிக்காகக் காத்திருப்பான். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. போகப் போகச் சிரிக்க முடியவில்லை.

வீட்டுக்கார அம்மா ரத்தினம்மாள் முன்கட்டில் இருந்தாள். மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்தாள். அனுசுயாவையும் வளையல் போடக் கூப்பிட்டிருந்தாள். செத்த பிள்ளையைப் பெற்றவள் மாசமாக இருப்பவள் கையைத் தொடக் கூடாது என்பார்கள். ஆகவே அனுசுயா தன் கதையை அந்தச் சந்தில் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஒரு சாயங்காலம், கேட்காமலேயே அவன் வாயைத் திறந்தான்.

"அனுசுயா! நம்ம புள்ள செத்துப் பொறந்துச்சுல்ல, அது மூஞ்சி…"

சாலைக் குரல். சந்து முழுக்க அதிர்ந்தது. முன்கட்டில் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. எதிர்வீட்டுக் கலியம்மாள் பெருக்குவதை நிறுத்திவிட்டு விளக்குமாறும் கையுமாக நின்றாள்.

"ஐயோ, மெதுவாங்க! ஊரே கேக்குது!" என்று அனுசுயா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்குக் கீழே அவன் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது.

என்ன காரியம் செய்தோம் என்று அவளுக்கு அப்போதே உறைத்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க. மெதுவா, எனக்கு மட்டும்."

அவன் முயன்றான். காற்றுதான் வந்தது. அவனிடம் இருந்ததே அந்த ஒரு குரல்தான்.

"வரல புள்ள" என்றான்.

பொத்தி என்ன பிரயோசனம்? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மறுநாளே ரத்தினம்மாள் வாசலில் நின்று, "ஒனக்கு ஒடம்பு முடியாதுல்ல, நீ செரமப்பட்டு வர வேணாம்மா" என்று பதமாகச் சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை முகமும் தெரியவில்லை, மானமும் மிஞ்சவில்லை. அந்த மாதமே சாலைக்குத் திரும்பிவிட்டார்கள். வந்த அன்றே அவன் அடித்துப் போட்டது போல் தூங்கினான்.

ஒருநாள் அவள் கடைக்கு டீ கொண்டுபோனாள். பாரம் ஏற்றிய லாரி ஒன்று தரை அதிர வந்தது. அவன் டயர் மேல் உட்கார்ந்தபடி அவளையே பார்த்தான். உதடுகள் அசைந்தன. வெகுநேரம் அசைந்தன. ஒரு தடவை விரல் மூக்கைத் தொட்டது, பிறகு புருவத்தை. கண் கலங்கியிருந்தது. லாரி போனதும் வாயை மூடிக்கொண்டான்.

"என்ன சொன்னீங்க?" என்று கத்தினாள்.

"டீ!" என்று கையை நீட்டினான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்று அவள் வாயைப் பொத்திய பிறகு, யாருக்கும் கேட்காது என்றால்தான் அவனுக்குப் பேச்சு வரும். இனி அவன் எல்லாவற்றையும் சொல்வான், தினமும் சொல்வான், அவளுக்கு ஒரு சொல்லும் கேட்காது. டம்ளரைக் கொடுத்தாள். அடுத்த லாரி வந்தது. அனுசுயாவும் வாயைத் திறந்து, மகளின் பெயரைச் சொன்னாள்.

அவன் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.