அனான் வந்த வழி

என் அண்ணன் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, வாய் ஓயவில்லை. மகளைப் பெண் கேட்டு யார் வந்தாலும், இன்று யாரும் பேசாத ஏதாவது ஒரு பழைய ஆங்கிலச் சொல்லை எடுத்து முன்னால் வைப்பார். அர்த்தம் என்ன, எங்கிருந்து வந்தது? வந்தவன் திருதிருவென்று முழிப்பான். அண்ணன் சிரிக்கிற சிரிப்பில் செருப்பைத் தேடுவான். இப்படி இரண்டு பேர் போய்விட்டார்கள்.

மூன்றாவது ஆள் பல் டாக்டர். இவரை அவளே விரும்பினாள், இரண்டு வருடமாக. சாப்பிட உட்கார்ந்தாலே அப்பாவின் கேலி. அதைக் கேட்டுக் கேட்டுப் புழுங்கிய பெண்ணுக்கு அந்த வீட்டை விட்டுப் போக அவர் ஒருவர்தான் வழி. அவரோ, அவள் அப்பா சம்மதித்தால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் பெண் கேட்டு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நாளைக்கு 'அனான்'ங்கிற சொல்லைத்தான் கேக்கப்போறேன். 'கொஞ்ச நேரத்துல'ன்னு அர்த்தம். அந்தக் காலத்துல சத்திரத்துல அனான்னு ஒரு வேலைக்காரன். எப்பக் கூப்பிட்டாலும் ஆடி அசைஞ்சுதான் வருவான். அவன் பேரே சொல்லா நின்னுடுச்சு."

எனக்கு எதையும் விளக்கிச் சொல்கிற மனிதர் இல்லை அவர். அன்று என்னவோ குரலும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பக்கத்து அறையில் மகள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டர் வந்தார். அண்ணன் கேட்டார். டாக்டர் சத்திரம், வேலைக்காரன் எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறாமல் ஒப்பித்தார்.

அண்ணன் கைதட்டினார். "அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்ல டாக்டர். நேத்துதான் நான் பெத்துப் போட்டேன். பழைய இங்கிலீஷ்ல 'ஒண்ணுல'ன்னு பொருள் வர்ற ரெண்டு சொல் ஒட்டி வந்தது அது. முதல்ல 'இந்த நிமிஷமே'ன்னுதான் அர்த்தம். அப்படிச் சொன்னவனெல்லாம் மெதுவா வர ஆரம்பிச்சான், அர்த்தமும் தேஞ்சுபோச்சு. சரி, உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

கதவருகில் நின்ற அவள் முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் அவளைப் பார்த்தார். எங்கேயோ படித்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"வேற யாரு சார், உங்க பொண்ணுதான். மனப்பாடம் பண்ணுங்கன்னு காலையிலேருந்து போன் மேல போன். யார் எதைச் சொன்னாலும் நம்பிடுவா சார் இவ. ஏமாத்தறது ரொம்ப ஈஸி."

அண்ணன் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். டாக்டரும் சேர்ந்துகொண்டார்.

"எனக்கு இவர் வேண்டாம்பா" என்றாள் அவள்.

சிரிப்பு நின்றது. டாக்டர் தயங்கியபடி எழுந்தார். அண்ணன் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"நீங்க உக்காருங்க மாப்பிள்ளை. இவ பேச்சை இந்த வீட்ல யாரு கேட்டா?"

'மாப்பிள்ளை' என்று அப்பா அவரைக் கூப்பிடவேண்டும் என்றுதான் அவள் இரண்டு வருடமாகக் காத்திருந்தாள்.