இரண்டாம் தடவை

மொரியோவுக்கு மரியாதை தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் தேநீர் நீட்டினாலும் முதலில் வேண்டாம் என்பார். மறுபடியும் கேட்டால்தான், ஏதோ பெரிய மனது பண்ணியவர்போல வாங்கிக்கொள்வார். ஜப்பானில் அவர்கள் ஊரான த்சுயாமாவில் எல்லாரும் அப்படித்தான். முதல் 'வேண்டாம்' வெறும் ஒப்புக்கு. அது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அப்படிப்பட்ட மனிதர் தன் மனைவி சுமியேவிடம் மட்டும் ஒரே ஒரு தடவைதான் கேட்பார்.

அவர் கார் பட்டறையில் வேலை பார்த்த காலமெல்லாம், நண்டு சீசன் வந்ததும் பட்டறை ஆட்கள் குடும்பத்தோடு கினொசாக்கி வெந்நீர் ஊற்றுக்குக் கிளம்புவார்கள். முந்தின நாள் வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டே, "நீயும் வர்றியா?" என்பார்.

"வீட்டை யாரு பாத்துக்கறது? நீங்க போயிட்டு வாங்க."

சரி என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். அவள் வந்தால் இஷ்டத்துக்குச் சாக்கே மது குடிக்க முடியாது. கூட்டாளி நாகதோமியோடு உட்கார்ந்து சீட்டாட முடியாது. திரும்பும்போது ஒரு பெட்டி இனிப்பு வாங்கி வந்து நீட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது துரையின் நினைப்பு.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. நாகதோமியும் மகளோடு இருக்க நகோயாவுக்குப் போய்விட்டார். குளிர் தொடங்கிய ஒரு மத்தியானம், அடியில் கணப்பு வைத்த மேசைமேல் விரிக்கும் கனத்த போர்வையை எடுக்க மொரியோ சுவர் அலமாரியைத் திறந்தார். போர்வைக்கு அடியில் ஒரு சிவப்புப் பை இருந்தது. உள்ளே மடித்த துண்டு, சீப்பு, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத காலுறை, பஸ்ஸில் குமட்டாமல் இருக்கப் போடும் மாத்திரை.

இதெல்லாம் என்ன என்று கேட்டார். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த சுமியே ஏறிட்டுப் பார்த்தாள்.

"கினொசாக்கிக்குன்னு எடுத்து வச்சது. இன்னொரு தடவை கேட்டீங்கன்னா அப்படியே தூக்கிட்டுக் கிளம்பிடலாம்னு இருந்தேன். வருஷா வருஷம் எடுத்து வைப்பேன்."

குரலில் கோபமே இல்லை. மொரியோவுக்கு அதுதான் தாங்கவில்லை. தெரியாமல் செய்த தப்பு என்றால் மன்னிப்புக் கேட்டுவிடலாம். அவருக்குத் தெரியும். எங்கே வந்துவிடப் போகிறாளோ என்றுதான் ஒவ்வொரு வருஷமும் அவசரமாகக் குளிக்கப் போனார். நினைக்க நினைக்கத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

நாளைக்கே போகலாம் என்றார். வேண்டாம் என்றாள். நண்டு சாப்பிட்டுவிட்டு ஆற்றோரமாக நடந்துவிட்டு வரலாம் என்றார். அதற்கும் வேண்டாம் என்றாள்.

"வா சுமியே. ரெண்டு பேருமாப் போவோம்." மூன்றாம் தடவையும் கேட்டார்.

"ஒப்புக்குச் சொல்லலைங்க. நெஜமாவே வேண்டாம். ரொம்ப ஆசையாத்தான் இருந்துச்சு. எப்பப் போச்சுன்னே தெரியல."

சுமியே எழுந்து போர்வையை வாங்கி மேசைமேல் விரித்தாள். இருவரும் அதற்குள் காலை நீட்டிக்கொண்டார்கள். ஆரஞ்சில் கடைசியாக ஒரு சுளை மிஞ்சியிருந்தது. அவள் அதை அவர் பக்கம் நீட்டினாள்.

"வேண்டாம், நீ சாப்பிடு" என்றார் மொரியோ, பழக்க தோஷத்தில்.

சரி என்று சொல்லிவிட்டு, அவள் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.