இருபது படங்களிலும் எட்டு சதவீதம்

“ஒண்ணு ரெண்டுன்னா சரி. இருபது பேருக்கும் ஒரே எட்டு சதவீதம் எப்படி வரும், டெல்?”

“கை சுத்தம் மேடம். பாராட்டுனா உங்க வாய் வலிக்குமா?”

தூலா சிரிக்கவில்லை. ஏரிக்கரை ஊரின் அந்த எக்ஸ்ரே பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. டெல் அங்கே பதினெட்டு வருடங்களாகப் படம் எடுப்பவன்.

இடுப்பு மூட்டு மாற்றப்போகிறவரின் தொடைகளுக்கு நடுவே ஓர் உலோகக் கோலியை வைத்துப் படம் எடுப்பார்கள். படத்தில் கோலி நிஜ அளவைவிட எத்தனை சதவீதம் பெருத்திருக்கிறதோ, அதை வைத்தே செயற்கை மூட்டின் அளவை டாக்டர் முன்கூட்டிக் குறிப்பார். கோலி எலும்பின் உயரத்தில் இருக்கவேண்டும்; தாழ்ந்தால் படத்தில் குறைவாகவே பெருக்கும். உடம்புக்கு உடம்பு அந்த உயரம் மாறும்.

“ஒட்டடைக்குச்சி மாதிரி மிஸஸ் பிலோ. அவங்களுக்கும் எட்டு. வாசலையே அடைச்சுக்கிட்டு வர்ற ஹார்யுவுக்கும் எட்டா? ஒரே எண்ணைக் காப்பி அடிச்சியா?”

“படத்துல கோலி தெரியுதுல்ல? உங்க படிவம் அதைத்தானே கேக்குது?”

அது உண்மை. அக்டோபரில் அவளே தயாரித்த படிவம் அது. ‘கோலி தெரிகிறதா?’ என்ற ஒரே கேள்வி. டெல் எல்லாவற்றிலும் ‘ஆம்’ என்று குறித்திருந்தான்.

தூலா மேசை இழுப்பறையைத் திறந்தாள். கோலியை உயர்த்திப் பிடிக்க வாங்கிய வளையும் தாங்கி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

“கோலியை எக்ஸ்ரே மேசை மேலயே வச்சுட்டியா?”

டெல் கழுத்தைச் சொறிந்தான். “தொடைக்கு நடுவுல அதை வைக்கப்போனா நெளியறாங்க மேடம். ஒருத்தர், ‘இவ்வளவு நெருங்கறதுக்கு முன்னால ஒரு காபியாவது வாங்கிக் குடுப்பா’ன்னார். அவங்க மானத்தைக் காப்பாத்துனேன்.”

“ஹார்யு எலும்பு எங்கே, உன் மேசை எங்கே? கோலி கம்மியாப் பெருத்திருந்தா எலும்பு நிஜத்தைவிடப் பெருசுன்னுதான் டாக்டர் நினைப்பார். பெரிய மூட்டா எடுத்து வச்சுத் தட்டினா எலும்பு விரிசல் விட்டுடும். அவருக்கு நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ஆபரேஷன்.”

கண்ணாடிக்கு அப்பால், ரத்தப் பரிசோதனை முடித்த ஹார்யு கையில் பஞ்சை அழுத்தியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையிலும் சந்தேகம் ஏறியிருந்தது.

தூலா உறையைக் கிழித்துத் தாங்கியை டெல்லின் கையில் வைத்தாள்.

“திரும்ப எடுக்கணும். ஏன்னு அவர்கிட்ட நீயே சொல்றியா?”