தண்ணீர் சேராத இடம்

"சவுக்காரம் போட்டுப் பாத்தாச்சி. சாம்பலும் போட்டுத் தேச்சாச்சி. விரலுக்க இரிக்கிற வெள்ள போகுதில்ல" என்றார் கச்சிமுகம்மது லெப்பை.

இறந்தவரின் மய்யித்தைக் குளிப்பாட்டக் கிணற்றடியில் வேட்டிகளால் மறைப்புக் கட்டியிருந்தது. அதற்கு வெளியே, குசினி வாசலுக்கு முகத்தைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்றார் லெப்பை. முழங்கை வரை ஈரம்.

"பெயின்ட் இரிக்கிற இடத்தில தண்ணி சேராது. தண்ணி சேராட்டி குளிப்பு நிறைவேறாது. இத எடுக்கிற விதம் ஆருக்குத் தெரியும்?"

குசினிக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் றபீக்காவைப் பார்த்தார்கள். அவள் அடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தாள். காலையில் அவளுடைய புருஷன் ஷரிபுதீன் விழுந்து இறந்தது அந்த இடத்தில்தான்.

"அவளுக்கிட்ட கேக்காதீங்க லெப்பை" என்றாள் சுஹறா. ஷரிபுதீனின் மூத்த சகோதரி அவள். செய்தி கேட்டுச் சாய்ந்தமருதிலிருந்து வந்து இறங்கிய நேரம் முதல் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தப் பெயின்ட் டின்னுட நொசில இவள் கழுவி வெச்சிரிந்தா எங்கிட தம்பி இப்ப உசிரோட இரிப்பான். அவன் மவுத்தானதே அந்த ஆத்திரத்திலதான்."

றபீக்கா எழுந்தாள். மாடத்தில் பெயின்ட் கரைக்கிற தின்னர் போத்தல் இருந்தது. அதை எடுத்தாள். பழைய சாரத்துணி ஒன்றைக் கிழித்தாள். விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்கை உருவினாள்.

"நான் எடுக்கிறன்" என்றாள்.

"பெண்சாதி புருஷனக் கழுவலாம், தடையில்ல" என்றார் லெப்பை. "நாங்க வெளியில நிக்கிறம். சுறுக்கா முடிங்க. அசறுத் தொழுகைக்குப் பிறகு மய்யித்த எடுக்கணும்."

"நானும் வாறன்" என்றாள் சுஹறா. "என்ன செய்யிறாள் எண்டு பாக்கணும்."

எழுபத்தேழில் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு கல்முனைக் கடைகளில் வெளிநாட்டுச் சாமான்கள் குவியத் தொடங்கின. குவைத்துக்கும் சவூதிக்கும் போனவர்கள் பிரிட்ஜோடு திரும்பி வந்தார்கள். ஆனால் கடலோரத்து உப்புக்காற்று எந்தப் பிரிட்ஜையும் இரண்டு மாரிக்காலம் தாண்ட விடுவதில்லை. கதவின் அடிப்பக்கம் பொங்கும், பிறகு துரு ஒழுகும். ஷரிபுதீன் அந்தத் துருவைச் சுரண்டி, அரத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்ப்ரே டின்னால் வெள்ளை அடித்துப் புதிது போலக் கொடுப்பார். நல்ல வேலைக்காரர் என்று ஊரில் பெயர்.

அந்தப் பெயரைக் காப்பாற்றும் பொறுப்பு றபீக்காவுக்கு. டின்னின் தலையில் அழுத்துகிற சின்னக் குமிழை நொசில் என்பார் அவர். அதிலிருக்கும் ஓட்டை ஊசி முனை அளவுதான். பெயின்ட் அதில் காய்ந்தால் அடுத்த நாள் சீராக அடிக்காது, துப்பும். அதனால் வேலை முடிந்ததும் டின்னைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும் வரை அழுத்த வேண்டும். பிறகு நொசிலைக் கழற்றித் தின்னரில் ஊற வைத்து, துணியால் துடைத்து, வாயில் வைத்து ஊத வேண்டும். அடைபட்டால் ஊசி குத்தக் கூடாது, ஓட்டை பெருத்துவிடும். ஒவ்வொரு நாள் பின்னேரமும் இதைச் செய்து செய்து அவளுடைய உதட்டோரம் வெடித்துப் போயிருந்தது. காலையில் ஷரிபுதீன் நொசிலை வெயிலுக்கு நேரே தூக்கி, ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். ஓட்டைக்குள் வெளிச்சம் தெரிந்தால் பேசாமல் போவார். தெரியாவிட்டால் கை நீளும்.

ஒரு கலியாண வீட்டில் சீதனப் பிரிட்ஜுக்கு வெள்ளை அடிக்கும்போது டின் துப்பி, அதன் முகமெல்லாம் புள்ளி விழுந்தது. ஆட்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, சமைக்க வந்திருந்த றபீக்காவைப் பந்தலுக்குக் கூப்பிட்டு அறைந்தார். அதைச் சுஹறாவும் பார்த்தாள். "ஆம்பிளைக்கு வேலையில ரோசம் இரிக்கும்" என்றுதான் அன்றைக்குச் சொன்னாள்.

மறைப்புக்குள் ஷரிபுதீனை இடுப்பிலிருந்து முழங்கால் வரை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். வலது கையில்தான் பெயின்ட். உள்ளங்கை, விரல் இடுக்கு, நகக்கண், பிறகு தாடியின் ஓரத்தில் கொஞ்சம். விரல்கள் பாதி மடங்கியபடியே விறைத்திருந்தன. றபீக்கா ஈர மண்ணில் உட்கார்ந்து அந்தக் கையை மடியில் எடுத்து வைத்தாள். பெருவிரலிலிருந்து தொடங்கினாள். துணியைத் தின்னரில் நனைத்து, ஒற்றி, கொஞ்சம் பொறுத்து, துடைத்தாள். வெள்ளை இளகித் துணியில் ஏறியது.

"மெதுவா" என்றாள் சுஹறா. "தோல் உரியப் போகுது."

றபீக்கா ஈர்க்கின் நுனியில் நூலளவு துணியைச் சுற்றி நகக்கண்ணுக்குள் விட்டாள்.

"மஜீட் எல்லாத்தையும் சொல்லிற்றார்" என்றாள் சுஹறா. முற்றத்தில் நிற்கிற பிரிட்ஜின் சொந்தக்காரர் மஜீட். காலையில் அதைக் கொண்டுபோக வந்திருந்தார். "நொசில் அடைபட்டிரிந்ததாம். தம்பி ஊசியால குத்தக்குள்ள கையிலயும் மொகத்திலயும் பெயின்ட் அடிச்சிற்றாம். உன்னக் கூப்பிட்டுச் சத்தம் போட்டுக்கிட்டு உள்ளுக்குப் போனானாம். மறுகா விழுந்த சத்தம்தான் கேட்டதாம்."

"ஓம்" என்றாள் றபீக்கா. "அவர் முத்தத்தில நிண்டவர். அவருக்கு அவ்வளவுதான் தெரியும்."

"உனக்கு வேற என்ன தெரியும்?"

நடுவிரலை நிமிர்த்தப் பார்த்தாள். அது நிமிரவில்லை. மடங்கிய விரலுக்குள்ளேயே துணியை நுழைத்து இழுத்தாள்.

"இந்தக் கைதான் மச்சி. அடிக்க ஓங்கின கை. நான் அடுப்படியில குனிஞ்சிக்கிட்டு இரிந்தன். நிமிந்து பாக்கக்குள்ள தலைக்கு மேல வெள்ளையா நிண்டிச்சி. அடி விழும் விழும் எண்டு கண்ண மூடிக்கிட்டன். விழல்ல. அவர்தான் விழுந்தார்."

கிணற்று வாளியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மறைப்புக்கு அப்பால் ஆண்கள், மய்யித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கு வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இத ஆருக்கிட்டயும் சொன்னியா?" சுஹறாவின் குரல் தாழ்ந்திருந்தது.

"இல்ல."

"சொல்லாத. மவுத்தானவனப் பத்திக் கதைக்கப் படாது."

"நான் கதைக்கல்ல. காலையில இரிந்து நீங்கதான் கதைக்கிறீங்க."

சுஹறா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். தாடியில் ஒட்டியிருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினாள். அது வரவில்லை. றபீக்கா துணியின் ஒரு துண்டைக் கிழித்து, நனைத்து, அவளிடம் நீட்டினாள். சுஹறா வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் துடைத்தார்கள்.

"நேத்து வேல முடிஞ்ச பிறகு அந்த டின்னக் கண்டியா நீ?" என்றாள் சுஹறா கடைசியில். அவள் விடப்போவதில்லை.

"கண்டன். மகரிபு தொழப் போற அவசரத்தில முத்தத்தில வெச்சிற்றுப் போனவர். நொசிலில பெயின்ட் ஈரமா மினுங்கிச்சி. பக்கத்தில போய் நிண்டு பாத்தன்."

"மறந்திற்றியா?"

"மறக்கல்ல. வேணுமெண்டுதான் விட்டன்."

சுஹறாவின் கை தாடியிலேயே நின்றது.

"அப்ப நான் சொன்னது மெய்தான்."

"ஓம். நான் சொன்னதும் மெய்தான்." றபீக்கா கையை மடியிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்தாள். "அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. மணிக்கட்டுக்குக் கீழயும் இரிக்கு."

சுஹறா அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, தம்பியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். அவளுடைய முகத்தில் இருந்தது அழுகையா ஆத்திரமா என்று றபீக்கா பார்க்கவில்லை. அவள் பெயின்டைத்தான் பார்த்தாள்.

"முடிஞ்சிதா?" வெளியிலிருந்து லெப்பை கேட்டார்.

"முடிஞ்சி. தண்ணி ஊத்தலாம்" என்றாள் றபீக்கா.

அசறுக்குப் பிறகு ஜனாஸாவைத் தூக்கினார்கள். தெருமுனை வரை கலிமாச் சத்தம் கேட்டது, பிறகு கடல் இரைச்சல் மட்டும். பெண்கள் றபீக்காவுக்கு வெள்ளை உடுத்தி, உள்ளறையில், புருஷனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில் இருத்தினார்கள். வாசலுக்கு ஒரு சீலையைக் கட்டினார்கள்.

பக்கத்து வீட்டு நபீஸா சோறு கொண்டுவந்தாள். பூசணிக்காய்க் கறி, கீரிமீன் பொரியல். "ரெண்டு வாய் தின்னு புள்ள. பச்சத் தண்ணிகூடக் குடிக்கல்ல நீ" என்று சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தாள். ஊர்ப்பெண்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுஹறா வாசலுக்கு நேரே இருந்தாள்.

றபீக்கா பிசைந்து தின்றாள். மீனின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தாள். கோப்பை வெறுமையாகும் வரை நிமிரவில்லை.

"எப்பிடித்தான் இறங்குதோ" என்றாள் சுஹறா, எல்லோருக்கும் கேட்க.

றபீக்கா கோப்பையை நபீஸாவின் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க ராத்தா. கறியும் ஊத்துங்க."

கடல்காற்று வாசல் சீலையைத் தூக்கி உள்ளே எறிந்தது. அது கோப்பையில் பட்டுவிடாமல், றபீக்கா அதன் ஓரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு, தின்னத் தொடங்கினாள்.