எழுதாத கை

வாடிக்கையாளரின் தாடையில் நுரை பூசி முடித்தபோதுதான், தம் இடக்கை தோளுக்கு மேல் எழாது என்பது முடிதிருத்துநருக்கு உறுதியாயிற்று. முந்தைய நாள் ஃப்ளூ தடுப்பூசி போட்ட செவிலியர் எழுதாத கையில் போடுவதற்காக முறைப்படிதான் கேட்டிருந்தார்: "எழுதுற கை எதுங்க?" வலது என்று இவரும் உண்மையையே சொன்னார். பள்ளியில் அடித்துத் திருத்தியதால் எழுதுவது வலக்கையில். கத்தி பிடிப்பதோ இடக்கையில். சட்டைக்கையை மடித்தபோதே அது நினைவுக்கு வந்தது. வரிசையில் அத்தனை பேர் நிற்க, அந்தப் பெண்ணை மறுபக்கம் வரச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

தடுப்பூசி முகாமில் கொடுத்த தாளில் எல்லாம் அச்சாகியிருந்தது: ஊசி போட்ட இடத்தில் வலி, லேசான காய்ச்சல், உடல் அசதி, ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் நாற்காலியில் சாய்ந்திருந்த குமாஸ்தாவுக்கு இன்னும் ஒரு மணி நேரத்தில் மகளின் திருமணப் பதிவு.

இடது கன்னம் ஒருவாறு முடிந்தது. தொண்டைக்கு வந்தபோது விரல்கள் நடுங்கின.

"என்னண்ணே, கை தாளம் போடுது?" என்றார் குமாஸ்தா, கண்ணைத் திறக்காமலே.

"தடுப்பூசிங்க. பேரப்பிள்ளை வருது. இருமிக்கிட்டே தூக்கக் கூடாதுல்ல..."

"நல்லதுதான். ஆனா எனக்குக் கழுத்து ஒண்ணுதான இருக்கு."

பெண்கள் பகுதியின் திரையை விலக்கிக்கொண்டு மனைவி வந்தார். அவரும் அதே ஊசியைப் போட்டுக்கொண்டவர்தான். அவருக்குச் சிறு அசதியோடு போயிற்று.

"கத்தியக் குடுங்க."

"நீயா?"

"பதினெட்டு வருஷமா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்? உங்க வீறாப்புக்கு அவர் கழுத்தா கெடச்சுது?"

அந்தக் கத்தியை முடிதிருத்துநர் எவரிடமும் கொடுத்ததில்லை. இந்தக் கடையில் ஒருவருக்கும் கீறல் பட்டதில்லை என்பது அவருக்கிருந்த ஒரே பெருமை.

"சீக்கிரம் முடிவு பண்ணுங்க," என்றார் குமாஸ்தா. "பாதித் தாடியோட போய் நின்னா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பையனத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

முடிதிருத்துநர் கத்தியைத் திருப்பி, பிடியை மனைவியின் பக்கம் நீட்டினார்.

குமாஸ்தா மோவாயை உயர்த்தினார். முடிதிருத்துநர் வலக்கையின் கட்டைவிரலால் தொண்டைத் தோலை இழுத்துப் பிடித்தார். விரலுக்கடியில் நாடி துடித்தது. அது குமாஸ்தாவுடையதா தம்முடையதா என்று அவருக்குத் தெரியவில்லை. நுரையின் விளிம்பில் மனைவியின் கையிலிருந்த கத்தி வந்து நின்றது. மனைவி மூச்சை அடக்கிக்கொண்டார். பிறகு, அந்த விரலுக்கு ஓர் அரிசி அகலம் தள்ளி, கத்தி கீழே இறங்கத் தொடங்கியது.